வேங்கிக்கால் மெஹ்ஃபில்

எங்கள் வீட்டில் பாட்டு நடக்கிறதா என்பதை நான் மொட்டை மாடித் தண்ணீர் டேங்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். டேங்க் காலி என்றால் என் மனைவி பாடியிருக்கிறாள். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு பாடுவாள். வெளியே நிற்கிறவனுக்கு அருவி மட்டும்தான் கேட்கும். பாட்டு அவள் பொறுப்பு. மோட்டார் போடுவது என் பொறுப்பு. இருபது வருடத் தாம்பத்தியத்தில் சங்கீதத்துக்கு நான் செய்த சேவை அவ்வளவுதான்.

முன்பெல்லாம் அவள் ஒளிந்து பாடியதில்லை. அவள் பள்ளிக்கூட டீச்சர். காலை வழிபாட்டில் ஆரம்பித்து, கொலு, வளைகாப்பு, நலங்கு என்று திருவண்ணாமலையை ஒட்டிய எங்கள் வேங்கிக்கால் பக்கத்தில் ஒரு குழந்தைக்குக் காது குத்தினால்கூட அவளைப் பாடச் சொல்வார்கள். அவளும் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்றாவது தடவைக்குத் தொண்டையைக் கனைப்பாள். கலெக்டர் ஆபீசில் நான் எத்தனை வருடமாக வேலை பார்த்தாலும், காலனியில் என் பதவி 'பாட்டு டீச்சர் வீட்டுக்காரர்' என்பதுதான். அதில் எனக்கு வருத்தமே கிடையாது. அதை வைத்துச் சுண்டல் நிறைய வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. குரல் கொஞ்ச நாள் கம்மலாக இருக்கும், அப்புறம் வந்துவிடும் என்றார் டாக்டர். வந்தது. ஆனால் போன குரல் வரவில்லை, வேறு ஒரு குரல் வந்தது. கனமாக, ஓரத்தில் கொஞ்சம் சொரசொரப்பாக. போனில் பேசினால் கூரியர்காரர்கள், "சார், ஓடிபி சொல்லுங்க சார்" என்றார்கள். முதல் தடவை அதை அவளே எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள். இரண்டாவது தடவை என்னிடம் மட்டும் சொன்னாள். மூன்றாவது தடவை போனை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் பேசினேன். அந்த ஆள் என்னை 'மேடம்' என்று கூப்பிட்டார். இதைச் சொன்னால் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும், "தொண்டை சரியில்ல" என்பதே பதில். நாளாக ஆக, கூப்பிடுகிறவர்களும் கூப்பிடுவதை விட்டார்கள். அதுதான் அவளை ஜாஸ்தி உறுத்தியது என்று நினைக்கிறேன். வேண்டாம் என்று சொல்வதற்காவது யாராவது கேட்க வேண்டும் இல்லையா?

நான் கேட்டுப் பார்த்தேன்.

"வீட்லயே ஒரு சின்ன கச்சேரி வெச்சா என்ன?"

"கச்சேரின்னா மேடை, மைக்கு, முன் வரிசையில காலை ஆட்டிக்கினு நாலு பேரு. எனக்கு வேணாம்."

கச்சேரி என்ற வார்த்தையே எனக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. எங்கள் ஆபீசில் ஓய்வு பெறப்போகும் ஒருவர் இன்னமும் தாலுகா ஆபீசைக் கச்சேரி என்றுதான் சொல்கிறார். மனு கொடுக்கிற இடத்துக்கும் பாட்டுக் கேட்கிற இடத்துக்கும் ஒரே பேரை வைத்தவர் இரண்டு இடத்திலும் நிறைய நேரம் காத்திருந்திருக்க வேண்டும்.

"சரி, கெட் டு கெதர்னு வெச்சிக்கலாம்."

"அதுல சோறு மட்டும்தான் இருக்கும்."

"பாட்டு நேரம்?"

"அது எங்க ஸ்கூல் டைம் டேபிள்ல இருக்குது. கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்குவாரு."

"சத்சங்?"

இதைச் சொன்னதும் அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. திருவண்ணாமலையில் சத்சங் என்ற வார்த்தையைச் சத்தமாகச் சொல்லக் கூடாது. சொன்னால் மறுநாள் காலையில் வாசலில் வெள்ளை ஜிப்பாவும் சுருட்டிய பாயுமாகப் பத்து வெள்ளைக்காரர்கள் வந்து கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார்கள். எழுப்பவும் முடியாது.

வார்த்தை கிடைத்தது பக்கத்து வீட்டுச் சுவர் மேலிருந்து. பக்கத்து வீட்டில் இருப்பவர் பாய். கருவூலத்தில் சூப்பிரண்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். பூர்வீகம் ஆற்காடு. அவர் மனைவி மகளின் பிரசவத்துக்காக வாணியம்பாடி போயிருந்ததால், பேசுவதற்கு ஆளில்லாமல் காலையில் எங்கள் காம்பவுண்டுச் சுவர் மேல் தன் டீ டம்ளரை வைத்து நின்றுகொள்வார்.

"என்னா சார், உங்க மோட்டார் தினம் ரெண்டு வேளையும் ஓடுது? டேங்க் எங்கயாவது ஒழுகுதா?"

காரணத்தைச் சொன்னேன். பாய் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முழுசாகக் கேட்டார்.

"சபால எல்லாம் பாட வேணாம் சார். மெஹ்ஃபில் வைங்க."

"அப்படின்னா?"

"கூடி உக்கார்றது. அவ்ளோதான் சார் அர்த்தம். அரபிலேர்ந்து பாரசீகம் போயி, அங்கேர்ந்து உருதுக்கு வந்து, நவாபு கூட ஆற்காட்டுக்கும் வந்துச்சு. எங்க சித்தப்பா வீட்டு மாடியில நடக்கும். பாட்டு, கவிதை, நடுவுல டீ."

"அப்ப வீட்டுக் கச்சேரிதானே பாய்?"

"அய்யய்யோ, இல்ல சார்." பாய்க்கு உண்மையிலேயே வலித்தது. "சபான்னா டிக்கெட் வாங்குனவன் எல்லாம் உள்ள வரலாம். மெஹ்ஃபில்ல, நீங்க யாரு முன்னாடி பனியனோட உக்காருவீங்களோ, அவங்க மட்டும்தான். பத்திரிகை அடிக்கக் கூடாது, வாயால கூப்பிடணும். மைக் கூடாது. முடிஞ்சப்புறம் கை தட்டக் கூடாது."

"அப்ப நல்லாருந்தா என்னா பண்றது?"

"பாடும்போதே சொல்லிடணும். நல்ல இடம் வந்துச்சுன்னா அங்கேயே, அப்பவே, வாஹ்! மெஹ்ஃபில்ல பாடுறது ஒருத்தருன்னாலும் கேக்குறவங்களுக்கும் வேலை இருக்குது சார். சும்மா உக்காந்துட்டுப் போனா அது பஸ் ஸ்டாண்டு."

எனக்கு அந்த வார்த்தை மிகவும் பிடித்துவிட்டது. வாயில் போட்டுச் சுற்றிப் பார்த்தேன். மெஹ்ஃபில். ஊதுபத்தியும் வெற்றிலையும் சேர்ந்து மணக்கிற மாதிரி ஒரு சொல். அன்றைக்கு ஆபீஸ் கேண்டீனில் அதைப் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்று துடித்தேன். "ஒரு மெஹ்ஃபில் மாதிரி இருக்குது இல்ல?" என்று வடையைப் பார்த்துச் சொன்னேன். எதிரே இருந்தவர், "எண்ணெய் ஜாஸ்தி, அதான்" என்றார்.

'வாஹ்' சொல்ல பாய் எனக்குப் பயிற்சி கொடுத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.

"வாஹ்."

"இது பல் டாக்டர் முன்னாடி சொல்ற சத்தம் சார். உள்ளேர்ந்து வரணும்."

"வாஆஆஹ்."

"இது அடிபட்டவன் சத்தம். விடுங்க, உங்களுக்குத் தலையாட்டத் தெரியும் இல்ல?"

"அது நல்லா தெரியும் பாய். கல்யாணம் ஆகி இருபது வருஷம் ஆச்சு."

"அப்ப அதையே பண்ணுங்க."

மனைவியிடம் வார்த்தையையும் அதன் விதிகளையும் சொன்னேன். பனியன் விஷயத்தைக் கேட்டதும் முதல் தடவையாக அவள் முகத்தில் ஏதோ இளகியது. ஆய்ந்துகொண்டிருந்த கீரைக்கட்டை முழுசாக முடித்தாள். பிறகு சொன்னாள்.

"சரி. ஆனா வெளியாளு ஒருத்தர் கூட இருக்கக் கூடாது. வாசல்ல யாராவது எட்டிப் பாத்தாக்கூட நான் எழுந்து போயிடுவேன். அதுக்கப்புறம் வாழ்நாள் பூரா பாட்டுன்ற பேச்சையே நீங்க எடுக்கக் கூடாது."

"சத்தியமா."

"உங்க சத்தியமெல்லாம் வேணாம். கதவைச் சாத்தினா போதும்."

ஆட்களை அவளே சொன்னாள். பாய். சின்ன வயசில் தன்னோடு சேர்ந்து பாடிய அவள் அக்கா. என் ஆபீஸ் நண்பர் ஒருவர், பஜனைகளில் தபலா வாசிக்கிறவர். அவ்வளவுதான். ஆனால் அக்காவைக் கூப்பிட்டால் அக்கா வீட்டுக்காரர் இலவச இணைப்பாக வருவார். என் சகலை. கோயில் பக்கம் லாட்ஜ் வைத்திருக்கிறார். எதைப் பேசினாலும் 'முன்னாடியெல்லாம்' என்று ஆரம்பிப்பார். முன்னாடியெல்லாம் தோசை பெரிசா இருக்கும், முன்னாடியெல்லாம் நீ ஒல்லியா இருப்பே. அவரைத் தவிர்க்க ஏதாவது வழி உண்டா என்று நானும் மனைவியும் யோசித்தோம். கல்யாணம் ஆன நாளிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே மனதாக யோசிக்கிற விஷயம் அது ஒன்றுதான். வழி கிடைக்கவில்லை.

நாளைக் குறித்தவளும் அவள்தான். பௌர்ணமி சாயங்காலம். பௌர்ணமி அன்று எங்கள் காலனியில் பாதிப்பேர் கிரிவலம் போய்விடுவார்கள். மீதிப்பேர் கூட்டத்துக்குப் பயந்து கேட்டைப் பூட்டி உள்ளே இருப்பார்கள். ஊரே மலையைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது எங்கள் தெருவில் காக்கா கூட இருக்காது. அதைவிடத் தனிமையான நேரம் இந்த ஊரில் கிடையாது. கணக்கு சரிதான். அந்த மாதம் வேலூர், செஞ்சி பக்கத்துப் பஸ்களை நிறுத்த எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில் தற்காலிக பஸ் ஸ்டாண்டு போடுவார்கள் என்பது மட்டும் எங்கள் கணக்கில் இல்லை.

அன்று மத்தியானம் நான் சுறுசுறுப்பாக வேலை செய்தேன். நான் சுறுசுறுப்பாக வேலை செய்கிற நாளில்தான் வீட்டில் ஏதாவது நடக்கும். ஹாலில் ஜமக்காளம் விரித்தேன். மெஹ்ஃபிலுக்கு ஒரு களை வேண்டாமா என்று, தீபாவளிக்கு வாங்கிய சீரியல் லைட்டை எடுத்துப் போர்டிகோவில் தொங்கவிட்டேன். பௌர்ணமி என்பதால் பாய் சைவமாகவே ஒரு வெஜிடபிள் பிரியாணி செய்திருந்தார். ஆறு பேருக்கு என்று சொல்லியிருந்தோம். ஆற்காட்டுக்காரர்களுக்கு ஆறு என்ற எண் எப்படித் தெரியும் என்பது அண்டா மாதிரி இருந்த அந்தத் தேக்சாவைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. ஹாலில் வைத்தால் ஜமக்காளத்தில் கறை படும் என்று அதைப் போர்டிகோவில் மேசை போட்டு வைத்தோம். சகலை காரில் வந்து இறங்கினார், கையில் ஒரு கட்டு பாக்குமட்டைத் தட்டோடு. "லாட்ஜ்ல சும்மா கெடந்துச்சு" என்று பிரியாணிக்குப் பக்கத்தில் வைத்தார். வந்தவர்கள் செருப்பை வாசலில் வரிசையாக விட்டார்கள்.

பௌர்ணமி அன்று திருவண்ணாமலையில், ஒரு வீட்டு வாசலில் சீரியல் லைட், மேசை மேல் தேக்சா, பக்கத்தில் பாக்குமட்டைத் தட்டு, வெளியே செருப்பு. இதற்கு என்ன பொருள் என்று இந்த ஜில்லாவில் பிறந்த குழந்தைக்குக் கூடத் தெரியும். எங்கள் ஆறு பேருக்கு மட்டும் தெரியவில்லை. எல்லோரும் மெஹ்ஃபில் நினைப்பில் இருந்தோம்.

உள்ளே என் மனைவி போனில் சுருதி ஆப்பை ஓடவிட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையைப் புடவையில் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டாள். நண்பர் தபலாவைத் தட்டிச் சரி பார்த்தார். கதவைச் சாத்தலாம் என்று நான் எழுந்து வெளியே வந்தேன். போர்டிகோவில் பாய் ஒரு குடும்பத்துக்குப் பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தார். புருஷன், பெண்சாதி, இரண்டு பிள்ளைகள். தோட்டத்துக் குழாயில் கை கழுவிவிட்டு வந்து தட்டை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

பாயின் சொந்தக்காரர்கள் போலிருக்கிறது, சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார்கள், மனுஷன் சங்கடப்படக் கூடாது என்று நினைத்து, "வாங்க வாங்க, நல்லா சாப்பிடுங்க" என்றேன். பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தக் குடும்பத்துக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் வந்தார்கள். பாய்க்குச் சொந்தம் ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டு, நானே தட்டை எடுத்துக் கொடுத்தேன். அதற்குப் பின்னால் நெற்றி நிறைய விபூதியோடு ஒருவர் வந்தபோதுதான் எனக்கு லேசாகச் சந்தேகம் வந்தது.

"பாய், இவங்கல்லாம் யாரு?"

பாய் கரண்டியை அப்படியே நிறுத்தினார். "சார், உங்க சொந்தக்காரங்கன்னு இல்ல நெனச்சேன்?"

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். வரிசை கேட்டைத் தாண்டி, பாய் வீட்டு வாசலைத் தாண்டி, தெருமுனை டிரான்ஸ்பார்மர் வரைக்கும் நின்றது. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் எல்லோரும் எங்கள் தெரு வழியாகத்தான் வந்துகொண்டிருந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. வரிசையைப் பார்த்தார்கள், நின்றார்கள்.

"சீக்கிரம் போடுங்கப்பா. மலை சுத்தணும் இல்ல?" என்றது வரிசையிலிருந்து ஒரு குரல்.

சத்தம் கேட்டுச் சகலை வெளியே வந்தார். லாட்ஜ்காரர் இல்லையா, கூட்டத்தைச் சமாளிக்கத் தெரியும் என்ற தோரணையில் கையை உயர்த்தினார்.

"இங்க பாருங்க, இது அன்னதானம் இல்ல. மெஹ்ஃபில்."

முன்னால் நின்றவர் பணிவாகச் சொன்னார், "எதுவா இருந்தாலும் கொஞ்சமா வைங்க சார்."

சகலை என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். பௌர்ணமி அன்றைக்கு இந்த ஊரில் தட்டை நீட்டிய ஒருவரிடம் இல்லை என்று சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வராது. ஆபீசில் நான் தினமும் எத்தனையோ பேரிடம் இல்லை என்கிறேன். அங்கே மேசை இருக்கிறது, பின்னால் ஃபேன் இருக்கிறது. இங்கே முடியவில்லை. பாய் கரண்டியை மறுபடி தேக்சாவுக்குள் விட்டார். சகலை தட்டு கொடுத்தார். நான் தண்ணீர் ஊற்றினேன்.

பிரியாணி தீர்ந்ததும் வரிசை தானாகக் கலைந்துவிடும் என்று நினைத்தோம். பாதிக் கூட்டம் போனது. மீதிப்பேர் போர்டிகோவிலும் படியிலும் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார்கள் பாவம். சீரியல் லைட் மினுக்கிக்கொண்டிருந்தது. நல்ல காற்று வேறு.

அப்போதுதான் என் மனைவி வாசலுக்கு வந்தாள். கையில் போன், அதில் சுருதி ஓடிக்கொண்டே இருந்தது. போர்டிகோ நிறைய வெளியாட்கள். ஒருத்தர் கூட இருக்கக் கூடாது என்று சொன்னவள், எண்ண முடியாத அளவுக்குப் பார்த்தாள். அவள் இப்போது திரும்பி உள்ளே போவாள், குளியலறைக் கதவைச் சாத்துவாள், குழாயைத் திறப்பாள். அதோடு முடிந்தது. இனி நான் அந்தப் பேச்சை எடுக்க முடியாது.

"யாருங்க இவங்கல்லாம்?" என்றாள்.

படியில் உட்கார்ந்திருந்த பச்சைப் புடவைக்கார அம்மா ஒருத்தி என்னைக் காப்பாற்றினாள்.

"ஏம்மா, ரொம்ப நேரமா உள்ளேர்ந்து ஒரு சத்தம் வருதே, ஃபிரிட்ஜா?"

"சுருதிங்க. பாடுறதுக்கு."

"யாரு பாடப் போறாங்க?"

ஒருவரும் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். சகலை இருக்கும்போது அது எப்படி நடக்கும்?

"எங்க மச்சினிதான். முன்னாடியெல்லாம் எப்படிப் பாடுவா தெரியுமா? எட்டுக் கட்டை! சும்மா கண்ணாடி மாதிரி இருக்கும் குரலு. இப்பதான் ஆபரேஷன் ஆனதுக்கப்புறம் பாவம்..."

அக்கா பின்னாலிருந்து அவர் முதுகில் கிள்ளியிருக்க வேண்டும். பாதியில் நின்றது. ஆனால் அந்தப் 'பாவம்' போர்டிகோவிலேயே நின்றுவிட்டது. என் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பச்சைப் புடவைக்காரம்மாவுக்கு அதெல்லாம் ஏறவில்லை. அவள் பல்லிடுக்கில் சிக்கிய ஏலக்காயை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"முன்னாடி எப்படிப் பாடுனாங்கன்னு எங்களுக்கு என்னாத்த தெரியும்? நாங்க கீழ்பென்னாத்தூரு."

என் மனைவி நிமிர்ந்தாள்.

"உங்க யாருக்கும் என்னைத் தெரியாது இல்ல?"

"இல்லியே" என்றாள் அந்த அம்மா. "நாங்க செஞ்சி" என்றார் ஒருவர். "ஆரணிங்க" என்றது தூணோரமிருந்து இன்னொரு குரல். ஏதோ கணக்கெடுப்பு நடக்கிறது என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. வரிசையாக ஊர் பேரைச் சொன்னார்கள்.

என் மனைவி எங்கள் பக்கம் திரும்பினாள்.

"நீங்கல்லாம் உள்ள போங்க."

"யாரு, நாங்களா?"

"ஆமா. நீங்க, மாமா, அக்கா, பாய், எல்லாரும். தபலா சார், நீங்களும்தான். மன்னிச்சிக்கோங்க."

"வெளிய இருக்கிறவங்க..."

"அவங்க இருக்கட்டும்."

அவள் டீச்சர் குரலில் சொன்னாள். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் குரலுக்குக் கனம் ஜாஸ்தி. நாங்கள் ஐந்து பேரும் பெல் அடித்ததும் வகுப்புக்குள் போகிற பிள்ளைகள் மாதிரி வரிசையாக உள்ளே போனோம். பின்னால் கதவைச் சாத்தினாள். வெளியே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.

ஜமக்காளத்தில் உட்கார்ந்தோம். எதிரே பாட ஆள் இல்லை, சாத்திய கதவுதான் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்னாங்க இது," என்றார் சகலை மெதுவாக, "கூப்பிட்டவங்களை உள்ள போட்டுப் பூட்டிட்டு, கூப்பிடாதவங்களுக்குப் பாட்டா?"

நான் பாயின் காதருகே போனேன். "பாய், இப்ப மெஹ்ஃபில் எது? இங்கயா, அங்கயா?"

பாய் தீவிரமாக யோசித்தார். "அங்கதான் சார். நாம வெயிட்டிங் லிஸ்ட்."

"அங்க பனியனோட உக்காரக்கூடிய ஆளே கெடையாதே?"

"அவங்க பாதிப்பேர் சட்டையே போடல சார், நீங்க பாக்கல?"

நண்பர் தபலாவை மடியில் வைத்துக்கொண்டு, "கதவு வழியா தாளம் போடலாமா?" என்று கேட்டார். "மூச்சு கூட விடக் கூடாது" என்றாள் அக்கா.

வெளியே சுருதி கேட்டது. அவள் ஆரம்பித்தாள். எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் பாடுகிற பாட்டு. முதல் அடி ஏறும்போதே குரல் முறிந்தது. நின்றாள். இன்னொரு தடவை எடுத்தாள், அதே இடத்தில் முறிந்தது. எனக்கு எழுந்து ஓடவேண்டும் போலிருந்தது. பாய் என் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"தண்ணி குடிக்கிறியாம்மா?" என்றது பச்சைப் புடவைக் குரல். டம்ளர் வைக்கிற சத்தம்.

பிறகு சுருதி மாறியது. போனில் அவள் அதை இறக்கியிருக்கிறாள். அஞ்சரைக் கட்டையில் இருந்து நாலரை என்று நண்பர் விரலால் காட்டினார். இந்த இரண்டு வருடமாக டாக்டர் சொல்லியும், அக்கா சொல்லியும் அவள் செய்யாத வேலை. குளியலறைக்குள் கூட அவள் பழைய சுருதியில்தான் முட்டி மோதிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இறங்கிய சுருதி இன்னும் கொஞ்சம் இறங்கியது. மூன்று. இரண்டு. கடைசியில் ஒன்றரைக்கு வந்து நின்றது.

"அது ஆம்பளைங்க சுருதி ஆச்சே" என்று சகலை வாயெடுத்தார். அக்கா இந்தத் தடவை எல்லோருக்கும் தெரிகிற மாதிரியே கிள்ளினாள்.

அந்தச் சுருதியில் அவள் பாடினாள். எனக்குச் சங்கீதம் தெரியாது, அதனால் எப்படி இருந்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஈர மண்ணில் வண்டி போவது மாதிரி, அவசரம் இல்லாமல், அழுத்தமாகப் போனது. முன்பு முறிந்த இடம் வந்தது. குரல் அங்கே கொஞ்சம் சொரசொரத்தது. அவள் அதை மறைக்காமல் அதன் மேலேயே நின்று, தாண்டிப் போனாள். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பாய் கண்ணை மூடி, சத்தமே வராமல் உதட்டை மட்டும் அசைத்தார். சகலை வாய் திறக்கவில்லை. அவரை அறிந்த நாளில் இருந்து அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை.

பாட்டு முடிந்தது. வெளியே கை தட்டல் இல்லை. ஒரு குழந்தை இருமியது. யாரோ மெதுவாக ஏதோ சொன்னார்கள், அவளும் மெதுவாக ஏதோ பதில் சொன்னாள். தடிமனான கதவு, ஒன்றும் புரியவில்லை. அழுகிறாளா, சிரிக்கிறாளா? எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய்க் கதவைத் தட்டினேன்.

"ஏம்மா, தாழ்ப்பாளை எடு. ஒண்ணும் இல்ல, சும்மாதான்."

இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினேன்.

"யாருப்பா அது உள்ள?" என்றாள் பச்சைப் புடவைக்காரம்மா, கதவுக்கு அந்தப் பக்கம் மிகப் பக்கத்திலிருந்து. கதவில் சாய்ந்தே உட்கார்ந்திருக்கிறாள்.

"நான்தாங்க. இந்த வீட்டுக்காரரு."

"யாரா இருந்தா என்னா? செத்த கம்முனு இருங்க. இன்னொண்ணு பாடச் சொல்லியிருக்குறோம். ரெண்டு தடவை வேணாம்னுட்டாங்க, இப்பதான் தொண்டையைக் கனைக்கிறாங்க."